பழைய ரிவால்வரின் தேய்மானக் கணக்கு

1986 ஏப்ரல் 11 அன்று மியாமி நகரையொட்டிய ஒரு குடியிருப்புப் பகுதியில் இரண்டு வங்கிக் கொள்ளையர்களை எஃப்.பி.ஐ. அதிகாரிகள் வளைத்தார்கள். சில நிமிடங்களே நீடித்த சண்டையில் இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். ஐந்து பேர் காயமடைந்தார்கள். அன்று அங்கிருந்த அதிகாரிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நம்பியிருந்தது ரிவால்வரை. கையில் அடிபட்ட நிலையில் அதில் மறுபடி தோட்டா நிரப்புவது எவ்வளவு கடினம் என்பது அன்று தெரிந்தது. ரிவால்வரைக் கைவிடும் பேச்சு காவல் துறைகளில் முன்பே தொடங்கியிருந்தது. மியாமி அதை வேகப்படுத்தியது. ஒவ்வொரு துறையாகப் கழற்றி மாட்டும் தோட்டாப் பெட்டிகள் கொண்ட அரைத் தானியங்கிப் பிஸ்டல்களுக்கு மாறியது. நியூயார்க் நகரக் காவல் துறை 1993இல் 9 மி.மீ. பிஸ்டல்களை அனுமதித்தது.

மாறிய துறைகள் பழைய ரிவால்வர்களை விற்பனையாளர்களிடம் கொடுத்துப் புதியவற்றின் விலையில் கழித்துக்கொண்டன. அப்படிச் சந்தைக்கு வந்த துப்பாக்கிகளுக்கு ஒரு விசேஷம் உண்டு. அவை பல ஆண்டுகள் இடுப்பில் தொங்கியவை. ஆனால் அதிகம் சுடப்படாதவை. ஒரு சராசரிக் காவலர் தன் துப்பாக்கியைப் பெரும்பாலும் தகுதித் தேர்வுக்காகச் சுடுதளத்தில்தான் சுட்டிருப்பார். மற்ற நேரமெல்லாம் அது தோலுறைக்குள் உரசிக்கொண்டும், கார்க் கதவில் இடித்துக்கொண்டும், மழையில் நனைந்துகொண்டும் இருந்திருக்கும். வெளித்தோற்றம் பாழாகி, உள் இயந்திரம் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். அமெரிக்காவில் முதன்முதலாகக் கைத்துப்பாக்கி வாங்க நினைக்கும், கையில் அதிகப் பணம் இல்லாத ஒருவருக்கு இதைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது. விலையை இறக்குவது வெளித்தோற்றம். பயனைத் தீர்மானிப்பது உள் இயந்திரம். இவ்விரண்டின் தேய்மானத்தையும் தனித்தனியாகப் பார்க்கத் தெரிந்தவர் ஏமாற மாட்டார்.

காரில் ஓடிய தூரத்தைச் சொல்ல ஒரு மீட்டர் இருக்கிறது. துப்பாக்கியில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் ரிவால்வர் தன் வயதை மறைக்க முடியாத இயந்திரம். அதன் முக்கியமான பாகங்கள் எல்லாம் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கின்றன. தேய்ந்தால் ஆட்டம் காட்டும், ஆட்டத்தை அளந்துவிடலாம்.

முதலில் அது வேலை செய்யும் விதம். சாமுவேல் கோல்ட் தன் சுழலும் துப்பாக்கிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1836இல். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னால், பதினாறு வயதில், ‘கோர்வோ’ என்ற கப்பலில் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் போய்வந்த பயணத்தில் அவர் மரத்தில் அதன் மாதிரியைச் செதுக்கினார் என்பது வரலாறு. அடிப்படை அப்போதிருந்து மாறவில்லை. ஒரே ஒரு குழல். அதன் பின்னால் ஆறு அறைகள் கொண்ட ஒரு சிலிண்டர். சுத்தி பின்னுக்குப் போகும்போது ‘ஹேண்ட்’ எனப்படும் சிறிய எஃகுத் துண்டு மேலெழுந்து, சிலிண்டரின் பின்புறத்திலுள்ள நட்சத்திர வடிவப் பல்லைத் தள்ளும். சிலிண்டர் 60 டிகிரி திரும்பும். திரும்பி முடிந்ததும் சட்டகத்தின் அடியிலிருந்து ஒரு சிறிய ஸ்டாப்பர் துள்ளி வந்து சிலிண்டரின் வெளிப்பரப்பிலுள்ள பள்ளத்தில் விழுந்து பூட்டும். அதன் பிறகுதான் சுத்தி விழ வேண்டும்.

இந்த வரிசை பிசகினால் என்ன ஆகும்? நடுத்தர அளவு ரிவால்வரில் சிலிண்டரின் மையத்திலிருந்து ஒவ்வோர் அறையின் மையமும் ஏறத்தாழ 12 மி.மீ. தள்ளியிருக்கிறது. சிலிண்டர் ஒரே ஒரு டிகிரி குறைவாகத் திரும்பினாலும் அறை குழலுக்கு நேராக இல்லாமல் 0.2 மி.மீ. விலகி நிற்கும். அந்த அளவு பிசகைச் சமாளிக்கத்தான் குழலின் பின்வாய் புனல்போல் சற்று அகலமாகக் கடையப்பட்டிருக்கிறது. விலகல் இன்னும் கூடினால் புனலாலும் சமாளிக்க முடியாது. குண்டின் ஒரு பக்கம் சீவப்பட்டு, ஈயச் சிதறல் பக்கவாட்டில் தெறிக்கும். சுடுதளத்தில் பக்கத்தில் நிற்பவரின் கன்னத்தில் ஈயத் துகள் பட்டால் அந்த ரிவால்வரின் டைமிங், அதாவது இந்த வரிசை, போய்விட்டது என்று சந்தேகிக்கலாம்.

எதை வாங்குவது என்ற கேள்விக்கு என் பதில் பழமையானது: 4 அங்குலக் குழல் கொண்ட, .38 ஸ்பெஷல் தோட்டா போடும், முழுக்க எஃகாலான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் 1899இல் ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ என்ற பெயரில் தொடங்கிய வரிசை இது. 1957இல் எண் பெயர் பெற்றது. 60 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டவை. அதனால் உதிரிப் பாகம் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவர் கிடைப்பார், தோலுறை கிடைக்கும். சிலிண்டரைத் திறந்தால் சட்டகத்தின் உட்பகுதியில் மாடல் எண் பொறித்திருக்கும். எண் இல்லையென்றால் அது பெரும்பாலும் 1957க்கு முந்தையது.

எடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் துப்பாக்கி வாங்குபவர்கள் பலர் தவறுவது இங்கேதான். சிறியது, லேசானது என்றால் புதியவருக்கு எளிதாக இருக்கும் என்று கடைக்காரர்களே சொல்வதுண்டு. இயற்பியல் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. .38 ஸ்பெஷலின் வழக்கமான குண்டு 10.2 கிராம், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 230 மீட்டர். பெருக்கினால் உந்தம் 2.35 கி.கி. மீட்டர்/நொடி. இதே அளவு உந்தம் துப்பாக்கிக்கும் எதிர்த்திசையில் கிடைக்கும். மாடல் 10இன் எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கணக்குக்காக ஒரு கிலோ என்று வைத்தால் அது பின்னோக்கி நொடிக்கு 2.35 மீட்டர் வேகத்தில் வரும். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2.8 ஜூல். சட்டைப் பைக்குள் அடங்கும் அலுமினியச் சட்டகச் சிறு ரிவால்வரின் எடை சுமார் 425 கிராம். அதே தோட்டாவை அதில் சுட்டால் பின்னோக்கிய வேகம் நொடிக்கு 5.5 மீட்டர், ஆற்றல் 6.5 ஜூல். உள்ளங்கையில் விழும் அடி இரண்டு மடங்குக்கும் மேல். வெடிமருந்து வாயுவின் உந்தத்தையும் சேர்த்தால் இரண்டு எண்களுமே கூடும், விகிதம் மாறாது.

அடி பலமாக விழுந்தால் மனம் அதற்குப் பழகிவிடுகிறது என்று நினைக்கக் கூடாது. சுடுவதற்கு முந்தைய கணத்திலேயே கை தானாகத் துடிக்கப் பழகிவிடுகிறது. அந்தத் துடிப்பைப் போக்க மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். கனமான ரிவால்வரில் தொடங்குபவருக்கு அந்தச் சிக்கல் பெரும்பாலும் வருவதேயில்லை.

.357 மேக்னம் ரிவால்வர் வாங்கினால் அதில் .38 ஸ்பெஷலையும் சுடலாம். இரண்டுக்கும் குண்டின் விட்டம் ஒன்றுதான்: 0.357 அங்குலம். 1935இல் மேக்னம் வந்தபோது அதன் பித்தளை உறையை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாக நீட்டினார்கள். நீளமான தோட்டா பழைய .38 துப்பாக்கிக்குள் நுழையக் கூடாது என்பதுதான் காரணம். .38 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தொழில்துறை வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, மேக்னத்துக்கு 35,000. அந்த எட்டில் ஒரு பங்கு பித்தளை எத்தனையோ கைகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் .357 ரிவால்வரில் காலமெல்லாம் .38 சுட்டிருந்தால், குட்டை உறையின் வாய் முடியும் இடத்தில் கரி வளையம் படிந்திருக்கும். மேக்னம் தோட்டா அங்கே சிக்கும். தேய்த்துச் சுத்தம் செய்தால் போய்விடும்; அதற்காக ஒரு நல்ல துப்பாக்கியைத் தள்ளிவிட வேண்டாம்.

இனி கடைக்குள் போவோம். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் குழலைத் தரையை நோக்கி வைத்துச் சிலிண்டரைத் திறந்து, ஆறு அறைகளும் காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். கடைக்காரர் இப்போதுதான் பார்த்துவிட்டுக் கொடுத்திருந்தாலும் பார்க்க வேண்டும். பிறகு அவரிடம் அனுமதி கேட்டுத்தான் விசையை இழுக்க வேண்டும்.

முதல் சோதனை டைமிங். இடது கையின் ஒரு விரலைச் சிலிண்டரின் மேல் மிக மெதுவாக வைத்து, லேசான தடை கொடுத்தபடி, கட்டைவிரலால் சுத்தியைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். நிதானமாக இழுத்தால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சத்தம் கேட்கும். ஸ்டாப்பர் பள்ளத்தில் விழும் சின்னச் சத்தம் முதலில். சுத்தி முழுமையாகக் கொக்கியில் மாட்டும் சத்தம் அடுத்து. வரிசை மாறி, சுத்தி மாட்டிய பிறகும் சிலிண்டர் பூட்டாமல் இருந்தால் ஹேண்டோ நட்சத்திரப் பல்லோ தேய்ந்திருக்கிறது. ஆறு அறைகளுக்கும் ஆறு முறை பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரே ஒரு பல் மட்டும் தேய்ந்திருப்பதுண்டு. சில பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்களில் அறைகள் காலியாக இருக்கும்போது நட்சத்திரம் சற்று ஆடும். அதனால் டைமிங் தாமதமாகத் தெரியும். டம்மித் தோட்டாக்களைப் போட்டுப் பார்த்தால் சரியாகிவிடும். அது குறையாகாது.

இரண்டாவது சோதனை, முன்பின் ஆட்டம். சிலிண்டரை மூடி, சுத்தியை இறக்கி, சிலிண்டரை விரல்களால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்க வேண்டும். குழலின் பின்முனைக்கும் சிலிண்டரின் முன்முகத்துக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கும். மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் ஒன்றைப் பையில் கொண்டுபோனால் அதைத் துல்லியமாக அளக்கலாம். ஓரங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 8 பங்கு, அதாவது 0.1 முதல் 0.2 மி.மீ. வரை சரி. சிலிண்டரைப் பின்னால் தள்ளி ஒருமுறை, முன்னால் தள்ளி ஒருமுறை அளந்து, இரண்டின் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். அதுதான் முன்பின் ஆட்டம். ஆயிரத்தில் 2, 3 பங்குக்கு மேல் போனால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், அல்லது விட்டுவிடலாம். ஒவ்வொரு சுடலின்போதும் சிலிண்டர் சுத்தியல் அடிபோல் முன்னும் பின்னும் மோதுவதால் ஆட்டம் ஆட்டத்தை வளர்க்கும். மெல்லிய எஃகு வாஷர் போட்டுச் சரிசெய்யலாம். ஆனால் அது முதல் துப்பாக்கி வாங்குபவர் தலையில் போட்டுக்கொள்ள வேண்டிய வேலையில்லை.

இந்த இடைவெளி வழியாக ஒவ்வொரு முறையும் சூடான வாயு பக்கவாட்டில் பீறிடுகிறது. ரிவால்வரைப் பிடிக்கும்போது எந்த விரலும் அந்த வரிசைக்கு முன்னால் போகக் கூடாது. அதே வாயுதான் மேலே உள்ள சட்டகப் பட்டையின் அடிப்பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்றை அரித்துவிடுகிறது. புதியவர்கள் அதைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள். அது ஓரளவு ஆழத்துக்குப் பிறகு பொதுவாக வளர்வதில்லை. மேக்னம் நிறையச் சுடப்பட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவே.

பயப்பட வேண்டியது அதற்குக் கீழே. குழலின் பின்வாயை ஒரு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், குறிப்பாக அதன் அடிப்புறத்தை. 1955இல் வந்த மாடல் 19, நடுத்தரச் சட்டகத்தில் மேக்னத்தை அடக்கிய அழகான ரிவால்வர். அமெரிக்க எல்லைக் காவல் படையின் பில் ஜோர்டன் அதன் உருவாக்கத்துக்கு உந்துதலாக இருந்தவர். ஆனால் சிலிண்டர் தாங்கிக்கு இடம் விடுவதற்காக அதன் குழல் வாயின் அடிப்பக்கத்தை லேசாகத் தட்டையாகச் சீவ வேண்டியிருந்தது. சுவர் மெலிந்த அந்த இடத்தில், 125 கிரெய்ன் எடையுள்ள லேசான, வேகமான மேக்னம் குண்டுகளைத் தொடர்ந்து சுட்டால் விரிசல் விழுகிறது. குட்டையான குண்டு அறையைவிட்டுச் சீக்கிரம் வெளியேறுகிறது. எரிந்துகொண்டிருக்கும் மருந்தும் வாயுவும் அதிக வெப்பத்தோடு அந்த வாயைத் தாக்குகின்றன. இதற்குத் தீர்வாகத்தான் 1980களின் தொடக்கத்தில் சற்றுப் பெரிய சட்டகத்தில் 586, 686 மாடல்கள் வந்தன. மாடல் 19 வாங்கலாம். விரிசல் இல்லையென்று உறுதிசெய்து, பெரும்பாலும் .38 சுட வேண்டும். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் வேண்டாம். குழலையே மாற்ற வேண்டிவரும்.

அடுத்து, சுத்தியைப் பின்னுக்கு மாட்டி, விசையைத் தொடாமல், கட்டைவிரலால் சுத்தியை முன்னோக்கி மிதமாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். விழவே கூடாது. விழுந்தால் யாரோ விசையை லேசாக்குவதற்காக உள்ளே உள்ள கொக்கி முனையை அரம் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பக்கத் தகட்டின் திருகுகளில் பிளவு சிதைந்திருப்பதும் அதே கைகளின் அடையாளம். அப்படிப்பட்ட துப்பாக்கியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

சிலிண்டரைத் திறந்து சுழற்றினால் வெளித்தள்ளும் கம்பியின் நுனி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். தள்ளாடினால் கம்பி வளைந்திருக்கிறது. சிலிண்டரை மூடும்போது தாங்கிக்கும் சட்டகத்துக்கும் இடையே மெல்லிய கோட்டுக்குப் பதில் ஒளி தெரியும் இடைவெளி இருந்தால், சினிமா நாயகன் மாதிரி மணிக்கட்டை உதறிச் சிலிண்டரை மூடிய யாரோ ஒருவர் கையில் அது இருந்திருக்கிறது. குழலுக்குள் பார்க்கும்போது ஓரிடத்தில் கருவளையம் தெரிந்தால், அங்கே ஒருமுறை குண்டு சிக்கி, அடுத்த குண்டு அதன்மேல் மோதியிருக்கிறது. வெளியே விரலால் தடவினால் சில சமயம் வீக்கமே தட்டுப்படும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் வெளித்தோற்றத்தை மன்னித்துவிடலாம். எஃகின் கருநீல நிறம் சாயமில்லை. சோடியம் ஹைட்ராக்சைடும் நைட்ரேட்டும் கலந்த கொதிக்கும் உப்புக் கரைசலில் எஃகை முக்கும்போது மேற்பரப்பு மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. சிவப்புத் துருவைப் போல உதிராமல் ஒட்டிக்கொள்ளும் ஆக்சைடு இது. படலம் மிக மெல்லியது. குழல் நுனியிலும் சிலிண்டர் விளிம்பிலும் தோலுறை உரசி உரசி அது போய்விடுகிறது. வெள்ளையாகத் தெரியும் அந்த விளிம்புகள் நேர்மையான பணியின் தழும்புகள். நான் பார்ப்பது மரப்பிடிக்கு அடியில். பிடியைக் கழற்ற அனுமதித்தால், வியர்வை இறங்கித் தேங்கும் அந்த இடத்தில் துரு குழிபறித்திருக்கிறதா என்று தெரியும். பழைய துப்பாக்கியைத் தோலுறையோடு சேர்த்து விற்றால் உறையைத் தனியாக வைக்க வேண்டும். பதப்படுத்திய தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து எஃகைத் தின்னும்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கிடைக்கவில்லையென்றால் ரூகர் நிறுவனத்தின் செக்யூரிட்டி சிக்ஸ். 1970களின் தொடக்கத்தில் வந்து 1980களில் நிறுத்தப்பட்டது. மெழுகு அச்சில் வார்த்த சட்டகம், பக்கத் தகடு இல்லாத கட்டுமானம், மேக்னத்தைத் தாங்கும் உடம்பு. பழைய கோல்ட்கள் மிக அழகானவை. ஆனால் அவற்றின் ஹேண்ட் சுடும் கணத்திலும் சிலிண்டரை அழுத்திப் பிடித்திருப்பதால் சீக்கிரம் தேய்கிறது; சரிசெய்யத் தெரிந்த கைகள் குறைவு; பைத்தான் போன்றவற்றின் விலையைச் சேகரிப்பாளர்கள் ஏற்றிவிட்டார்கள். முதல் துப்பாக்கிக்கு அவை வேண்டாம்.

மிகவும் மலிவாகக் கிடைப்பவற்றில் இரண்டைத் தவிர்க்க வேண்டும். ஒன்று, துத்தநாகக் கலவையில் வார்த்த சட்டகம் கொண்ட சிறு ரிவால்வர்கள். அந்தக் கலவை 400 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே உருகிவிடும். எஃகின் வலிமையில் சிறு பங்குதான் அதற்கு. மற்றொன்று, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காகச் செய்து, பிறகு .38 ஸ்பெஷல் தோட்டா நுழையும்படி அறையைத் துளைத்து ஆழப்படுத்திய ‘விக்டரி’ ரிவால்வர்கள். அவற்றின் மூல அறை சற்று அகலம். ஸ்பெஷல் தோட்டாவின் உறை அதற்குள் அடிப்பக்கத்தில் உப்பி, சில நேரம் கிழிந்தே வெளிவரும். அந்தப் போர்க்கால வரிசையில் இன்னொரு பாடமும் உண்டு. கீழே விழுந்த ஒரு ரிவால்வர் வெடித்துக் கடற்படை வீரர் ஒருவர் இறந்த பிறகு, விசை இழுக்கப்படாதவரை சுத்தி தோட்டாவைத் தொடாதபடி தடுக்கும் பட்டையை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாற்றி வடிவமைத்தது. அதற்குப் பிந்தையதாகப் பார்த்து வாங்குவது நல்லது.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். பின்னணிச் சோதனை நடக்கும். தனியாரிடம் வாங்கினாலும், சட்டம் வற்புறுத்தாத மாநிலத்திலும்கூட, விற்பனையாளர் வழியாகவே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அமெரிக்காவில் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை.

வாங்குவதற்கு முன் வீட்டில் இருப்பவர்களை நினைக்க வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால் இந்த வாங்குதலைத் தள்ளிப்போட வேண்டும். ஏற்கெனவே இருந்தால் அது வீட்டுக்கு வெளியே போக வேண்டும். மற்றவர்கள் தோட்டாவைத் தனியாகவும் ரிவால்வரைப் பூட்டிய பெட்டியிலும் வைக்கலாம். பெட்டி வாங்கும்வரை ரிவால்வரிலேயே ஒரு வழி இருக்கிறது: சிலிண்டரைத் திறந்து, சட்டகத்தின் மேற்பட்டைக்கு அடியில் ஒரு சாதாரணப் பூட்டின் வளைவை நுழைத்துப் பூட்டிவிட்டால் சிலிண்டர் மூடாது. சாவியைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

முதல் ஐம்பது தோட்டாக்களைப் பயிற்சியாளர் முன்னிலையில் சுட வேண்டும். சுட்டு முடித்ததும் காலி உறைகளைப் பார்க்க வேண்டும். அடியிலுள்ள பிரைமரின் நடுவில் ஊசி பட்ட பள்ளம் ஆழமாகவும் மையத்திலும் இருந்தால் ஆறு அறைகளும் சரியாக நிற்கின்றன. ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் டைமிங் சோதனையில் ஏதோ ஓர் அறை தப்பியிருக்கிறது. பள்ளம் ஆழமில்லாமல் இருந்து, ஓரிரு தோட்டாக்கள் வெடிக்காமலும் போனால், பிடியின் முன்பக்க அடியிலுள்ள சிறு திருகைப் பார்க்க வேண்டும். சுத்தியின் பட்டைவில்லை அழுத்திப் பிடிப்பது அதுதான். முன்பு வைத்திருந்தவர் விசை லேசாக வேண்டுமென்று அதைத் தளர்த்தியிருப்பார். முழுதாக இறுக்கிவிட்டு மறுபடி சுட்டுப் பார்க்கலாம்.